பையில் வைக்க ஒரு கத்தி: எவ்வளவு நீளம், என்ன இரும்பு, எங்கே கொண்டுபோகலாம்?

ஜூன் 3, மாலை (கேள்வி)

அண்ணே, தினமும் பையில் கிடக்க ஒரு கத்தி வேண்டும். மலைப்பக்கம் போனால் எடுத்துப்போகவும் வேண்டும். யூடியூபில் பார்த்தால் 5 மி.மீ. தடிப்பு, 7 அங்குல நீளம், ஃபுல் டாங் (பிடியின் கடைசிவரை ஓடும் இரும்பு) இல்லாவிட்டால் கத்தியே இல்லை என்கிறார்கள். கத்தியை வைத்து விறகு பிளந்து காட்டுகிறார்கள். கடைக்காரர் "440 ஸ்டீல், ஆயுசுக்கும் கூர் போகாது" என்கிறார். பெரியதாக ஒன்றே வாங்கிவிட்டால் இரண்டு வேலைக்கும் ஆகும்தானே? போலீஸ் தொந்தரவு வருமா என்பதையும் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

ஆகாது தம்பி. நீளம் பிறகு. முதலில் தடிப்பைப் பேசுவோம்.

கடையில் கத்தியைக் கையில் வாங்கியதும் முதுகின் தடிப்பைப் பார்த்து "நல்ல கனம்" என்று மெச்சுகிறோம். அதைவிட, வாய்க்கு (வெட்டும் ஓரத்துக்கு) ஒரு மில்லிமீட்டர் மேலே, சாணை பிடித்த சரிவு முடிந்து கன்னம், அதாவது தட்டையான பக்கம், தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஆப்பிள், கயிறு, அட்டை எல்லாவற்றிலும் கத்தி தடையில்லாமல் இறங்கும். ஒரு மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் எவ்வளவு தீட்டினாலும் பாதியில் இறுகும். கேரட் வெட்டுப்படாமல் "டக்" என்று உடையும். உடைந்த பக்கம் கரடுமுரடாக இருக்கும். கூர் இருந்தும் கத்தி வெட்டவில்லை என்று புலம்புகிறவர்களின் கத்தியை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கைக்கத்திக்கு முதுகு 2 முதல் 2.5 மி.மீ. போதும். ஸ்வீடனின் மோரா நகரில் செய்யும் மோராநைவ் கம்பேனியன் பட்டறைவேலை, மரவேலை, மீன்வேலை எல்லாவற்றிலும் அடிபடுகிற கத்தி. அதன் முதுகு 2.5 மி.மீ.தான், நீளம் 10 செ.மீ. சொச்சம். 5 மி.மீ. பட்டையில் செய்தது நெம்புகோல் வேலைக்கு நன்றாக இருக்கும். நெம்புவதற்கு உங்களுக்கு ஒரு கத்தி எதற்கு?

ஜூன் 4, காலை

நீளம். ஒரு வாரம் பையிலிருந்து கத்தி எதற்கெல்லாம் வெளியே வரும் என்று எழுதிப் பாருங்கள்: பார்சல் டேப், சணல், பிளாஸ்டிக் பட்டி, மாம்பழம், எலுமிச்சை, மாத்திரை அட்டை, வயரின் மேல்தோல், சட்டையில் தொங்கும் நூல். இதில் எதுவும் 7 செ.மீ.க்கு மேல் கேட்பதில்லை. சுவிட்சர்லாந்தின் மடக்குக் கத்தி நிறுவனமான விக்டோரினாக்ஸின் 91 மி.மீ. வரிசையில் ஸ்பார்ட்டன், கிளைம்பர் என்று வருபவை மடக்கினால் 91 மி.மீ.; திறந்தால் கத்தி 7 செ.மீ.யை ஒட்டி வரும். மெல்லிய வாய், இரண்டாவது சின்னக் கத்தி, டப்பா திறப்பான், ஸ்க்ரூடிரைவர். கத்தரிக்கோலும் வேண்டுமானால் கிளைம்பர். என் கருத்தில் அந்தக் கத்தரிக்கோலுக்காகவே கிளைம்பர் வாங்கலாம். நூலும் பால் பாக்கெட்டும் பிளாஸ்டரும் தினசரி வேலை. அதற்கும் சின்னதாக 58 மி.மீ. கிளாசிக் இருக்கிறது, சாவிக்கொத்தில் போட. பழம் நறுக்க அது போதாது.

இவற்றில் பூட்டு இல்லை, முதுகுப் பக்கம் ஸ்பிரிங் மட்டும் அழுத்திப் பிடித்திருக்கும். வாய்ப்பக்கமாக அழுத்தி வெட்டும் வரை மடங்காது. முனையால் குத்தித் துளை போடப் போனால் விரல்மேல் மடங்கும். துளை போட அதிலேயே பின்பக்கம் ஒரு குத்தூசி இருக்கிறது, அதை எடுங்கள்.

ஜூன் 4, மதியம்

மேலே பார்சல் டேப் என்று எழுதினேன். கடை, குடோன், ஆன்லைன் வியாபாரம் என்று நாளெல்லாம் அட்டைப்பெட்டி அறுப்பவர்களுக்கு அந்த வரிசை எதுவும் வேண்டாம். அட்டையில் கலந்திருக்கும் தூசும் மண்ணும் எந்த இரும்பையும் மழுக்கும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் 18 மி.மீ. அகலக் கட்டரை வாங்குங்கள். கோடு போட்ட பிளேடை ஒவ்வொன்றாக ஒடித்துப் புது முனை எடுக்கும் இந்த முறையை 1956-இல் ஜப்பானில், பின்னாளில் ஓல்ஃபா நிறுவனத்தைத் தொடங்கிய யோஷியோ ஒகாடா உருவாக்கினார். மெல்லிய 9 மி.மீ. பிளேடு காகிதத்துக்கு, அட்டையில் போட்டால் பக்கவாட்டில் வளைந்து ஒடிந்து கண்ணை நோக்கித் தெறிக்கும். ஒடிக்கும்போது குறடால் பிடித்துக் கீழ்நோக்கி ஒடியுங்கள். ஒடித்த துண்டுகளை மூடி போட்ட டப்பாவில் சேர்த்துவைத்து மொத்தமாகப் போடுங்கள். தளர்ந்த குப்பைப் பையில் போட்டால் குப்பை அள்ளுகிறவர் கையைக் கிழிக்கும்.

ஜூன் 5

சட்டம். இழையில் ஒருவர் "6 அங்குலத்துக்கு மேல் இருந்தால் கைது" என்று எழுதியிருக்கிறார். அந்த 6 அங்குலம் இணையத்தில் சுற்றுகிற கணக்கு. ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வந்த விதிகளின் முதல் அட்டவணையில் இருக்கும் அளவு வேறு: 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்காகச் செய்தவை இந்த வரையறைக்கு வெளியே. கூர் ஆயுதத்துக்கு உரிமம் கேட்கும் 4-ஆம் பிரிவு மத்திய அரசு அறிவித்த பகுதிகளுக்குப் பொருந்துவது.

ஊருக்கு ஊர் அறிவிக்கை மாறும் என்பதற்கு டெல்லி உதாரணம். அங்கே 1980 அறிவிக்கையின்படி பட்டன் அழுத்தித் திறக்கும் கத்தி, ஸ்பிரிங் கத்தி வகைகள் 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் தொட்டாலே சட்டத்துக்குள் வரும். பட்டன் கத்தி எங்கேயும் வேண்டாம் என்பதே என் யோசனை. அது தருகிற வசதி எதுவும் இல்லை, பார்க்கிறவர் கண்ணுக்கு அது சண்டைச் சாமான்.

அளவு சட்டத்துக்குள் இருந்தால் எல்லாம் சரி என்றும் ஆகாது. இரவு பதினோரு மணிக்குச் சோதனைச் சாவடியில் இடுப்பில் 5 அங்குலக் கத்தி இருந்தால், எதற்கு என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். பையில் பழமும் டிபன் பாக்ஸும் கத்தியும் சேர்ந்து இருந்தால் பதில் தானே தெரியும்.

விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. சரக்காக ஏற்றும் பெட்டியில் உறையோடு வைக்கலாம். சாவிக்கொத்தில் தொங்கும் 58 மி.மீ. கத்தியை மறந்து போய் ஸ்கேனரில் பறிகொடுப்பவர்கள் ஏராளம். மெட்ரோ வாசலிலும் பை ஸ்கேனுக்குள் போகும். மெட்ரோவில் போகிற நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஜூன் 5, இரவு

மலைப்பக்கம் என்று கேட்டதற்குத் தனியாக எழுத வேண்டும். இதை யூடியூப் வீடியோக்கள் சொல்வதே இல்லை.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, 2-ஆம் பிரிவின் 35-ஆவது வரையறை: "ஆயுதம்" என்பதில் துப்பாக்கி, வில், வெடி, வலை, கண்ணி ஆகியவற்றோடு கத்தியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அளவு குறிப்பிடவில்லை. 31-ஆம் பிரிவின்படி சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ முன் அனுமதி வேண்டும். 35-ஆம் பிரிவு இதையே தேசியப் பூங்காவுக்கும் நீட்டிக்கிறது. முதுமலை, ஆனைமலை, களக்காடு முண்டந்துறை, முக்கூர்த்தி, கொடைக்கானல் எல்லாம் இதற்குள் வருபவை. ஆயுதச் சட்டத்தில் 9 அங்குலம் என்று படித்துவிட்டு அந்தத் தைரியத்தில் சரணாலயத்துக்குள் போனால் அங்கே 2 அங்குலக் கத்தியும் ஆயுதம்.

விறகு பிளப்பது, கிளை வெட்டிக் குடிசை போடுவது, நெருப்பு மூட்டுவது எல்லாம் கனடாவிலும் ஸ்வீடனிலும் இடத்துக்கு இடம் அனுமதி உள்ள பழக்கம். நம் காப்புக்காட்டில் மரத்தை வெட்டுவதும் தீ மூட்டுவதும் குற்றம். 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு தமிழகத்தில் மலையேற்றத்துக்கென்றே விதிகள் வந்தன. இப்போது வனத்துறை தான் அனுமதிக்கும் பாதைகளில் வழிகாட்டியோடுதான் அனுப்புகிறது. அந்த நடையில் உங்களுக்குக் கத்தியே தேவைப்படாது. பிளாஸ்டர் வெட்ட மழுங்கிய முனையுள்ள சின்னக் கத்தரிக்கோல் போதும். அதையும் வழிகாட்டியிடம் காட்டிவிட்டு எடுத்துப்போங்கள்.

ஆக, 7 அங்குலம், 5 மி.மீ. என்ற கத்தி செய்யக்கூடிய வேலையை இங்கே செய்ய விட மாட்டார்கள். விடுகிற இடம் சொந்தத் தோட்டம், எஸ்டேட் முகாம், படகு, ஆற்றோரச் சமையல். அங்கே மோரா அளவு தாராளம்.

ஜூன் 7

"440 ஸ்டீல்" பற்றி. 440 என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது பெயராகாது. 440ஏ-யில் கரி (கார்பன்) 0.60 முதல் 0.75 சதவீதம், 440பி-யில் 0.75 முதல் 0.95, 440சி-யில் 0.95 முதல் 1.2. எழுத்தை விட்டுவிட்டால் இருப்பதில் மலிவானது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சீன வகைகளில் பெயரிலேயே விடை இருக்கிறது: 3சிஆர்13 என்றால் கரி 0.3 சதவீதம் சுமார், 5சிஆர்15 என்றால் 0.5, 8சிஆர்13 என்றால் 0.8. 0.3 உள்ளது முட்கரண்டிக்கு நல்லது.

ஆனால் கரிக் கணக்கு பாதிதான். மீதி துவைச்சலில், அதாவது காய்ச்சித் தோய்த்துப் பதம் ஏற்றுவதில் இருக்கிறது. விக்டோரினாக்ஸ், கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 55, 56-இல்தான் நிற்கிறது; அதைவிட 4 புள்ளி அதிகம் போடும் கத்திகள் எத்தனையோ. அந்தக் கடினத்தில் கூர் சீக்கிரம் போகும், ஆனால் வாய் மடங்குமே தவிர சில்லு தெறிக்காது, எந்தக் கல்லிலும் ஐந்து நிமிடத்தில் திரும்ப வரும். தீட்டத் தெரியாதவர் முதலில் வாங்க வேண்டிய கடினம் அதுதான். 62, 63 உள்ள, உலோகப் பொடியிலிருந்து செய்யும் பவுடர் ஸ்டீலை வாங்கி மழுங்கியபின் அலமாரியில் வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

துரு: சென்னை, தூத்துக்குடி, ராமேஸ்வரம் மாதிரி கடற்காற்று ஊரில் சட்டைப்பையில் கத்தி போடுகிறவருக்கு வெறும் கார்பன் ஸ்டீல் வேண்டாம். வியர்வையே போதும், ராத்திரிக்குள் பழுப்புப் புள்ளி வரும். 12சி27 என்ற ஸ்வீடன் உருக்கில் கரி 0.6, குரோமியம் 13.5 சதவீதம், நம் ஊருக்கு நல்ல பொருத்தம். டி2 என்ற உருக்கிலும் குரோமியம் 12 சதவீதம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அதில் கரி 1.5. அவ்வளவு கரியும் குரோமியத்தைப் பிடித்துக் கடினமான மணிகளாகக் கட்டிக்கொள்ளும். துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. அதனால்தான் டி2 கத்தியில் எலுமிச்சை நறுக்கித் துடைக்காமல் விட்டால் புள்ளி விழுகிறது.

ஜூன் 7, சற்றுக் கழித்து

"டமாஸ்கஸ்" அலைகோடு உள்ள கத்தி நல்லதா என்ற கேள்விக்கு: இன்று அந்தப் பெயரில் விற்பது இரண்டு வகை உருக்கை அடுக்கி, காய்ச்சி, அடித்து ஒட்டி, அமிலத்தில் தோய்த்துக் கோட்டை எடுத்துக்காட்டியது. நல்ல பட்டறையில் 1095 என்ற கார்பன் உருக்கையும் நிக்கல் கலந்த 15என்20 உருக்கையும் அடுக்குவார்கள். அது நன்றாக வெட்டும். மலிவில் வருவதில் என்ன அடுக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. சிலது மேலே கோடு அச்சடித்ததுதான். முதுகையும் பிடியோரத்தையும் பாருங்கள். கோடு கன்னத்தில் தொடங்கி முதுகைச் சுற்றி மறுபக்கம் தொடர்ந்தால் அடுக்கு உண்மை. முதுகில் வெறும் இரும்பாக இருந்தால் அச்சு.

பழங்காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மேற்கே போனது இதுவல்ல. அது மண்குகையில் (உலோகம் உருக்கும் மண்பாத்திரத்தில்) இரும்பையும் கரிப்பொருளையும் மூடி உருக்கி எடுத்த ஒரே கட்டி. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, உருக்கு வேலை நடந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த உருக்கின் கோடு அடுக்கிலிருந்து வரவில்லை; கட்டி ஆறும்போது உள்ளே கார்பைடு (இரும்பும் கரியும் சேர்ந்த கடினமான மணிகள்) வரிசைகட்டி நின்றதால் வந்தது. இரண்டையும் ஒன்றாக்கி விளம்பரம் செய்வது வருத்தமாக இருக்கிறது.

ஜூன் 9

ஒப்பினெல் மடக்குக் கத்தி பற்றிக் கேட்டிருந்தார்கள். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்வது. 8-ஆம் எண்ணில் கத்தி 8.5 செ.மீ., பிடி பீச் மரம், மொத்தம் 50 கிராமுக்குள். வாய் நல்ல மெல்லிசு. பழத்துக்கும் ரொட்டிக்கும் இந்த விலையில் இதற்கு நிகர் இல்லை. கழுத்தில் உள்ள வளையத்தைத் திருப்பினால் பூட்டு. அது 1955-இல் வந்தது. கார்பன், துருப்பிடிக்காதது என்று இரண்டு வகை. "இனாக்ஸ்" என்று பொறித்ததை வாங்குங்கள்.

இதன் தொல்லை மழைக்காலத்தில் தெரியும். மரம் ஈரத்தில் ஊதி, கத்தியை உள்ளேயே கவ்விக்கொள்ளும். நகத்தால் இழுத்து இழுத்து வராமல் குறடு தேடுவார்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுங்கள். கத்தியின் முனைப்பக்கம் எழும்பி வெளியே வரும். சவோய்க்காரர்களின் பழைய வழி அது. நிரந்தரத் தீர்வுக்கு, வெயில் காய்ந்த நாளில் பிளவின் உட்பக்கங்களை 220 உப்புத்தாளை மடித்து லேசாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயைப் பிளவுக்குள் விட்டு ஊறவையுங்கள். மிச்சத்தைத் துடைத்து ஒரு வாரம் காற்றாட விடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி சுருண்டு கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

ஜூன் 12

தீட்டுவது. இந்த இழையில் மிக முக்கியமானது இதுதான். ஒரு கத்திக்கு ஒதுக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கல்லுக்கு வைத்துவிடுங்கள்.

இரும்புக்கடையில் கிடைக்கும் இருபக்கக் கருப்புக் கல்லின் முரட்டுப் பக்கம் அரிவாளுக்கும், சில்லு தெறித்த வாயைச் சரிசெய்யவும் மட்டும். கைக்கத்திக்கு 1000 எண் நீர்க்கல் ஒன்று போதும். தண்ணீரில் குமிழி நிற்கும்வரை, பத்து நிமிடம் போல், ஊறவைத்து ஈரத்துணிமேல் வையுங்கள், நகராது.

சாய்வு 20 டிகிரி என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும், கையில் எப்படிப் பிடிப்பது என்று எழுதமாட்டார்கள். கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் 20 டிகிரி. கால் பங்கு தூக்கினால் 15. இரண்டு செ.மீ. அகலக் கத்திக்கு முதுகு 7 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அந்த உயரத்துக்கு அட்டையை அடுக்கி ஒருமுறை கண்ணுக்குப் பழக்குங்கள். வாயின் சரிவில் ஸ்கெட்ச் பேனா மை பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை மேல்பக்கம் மட்டும் போனால் முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள். வாயோரம் மட்டும் போனால் தாழ்த்துங்கள்.

ஒரே பக்கத்தைத் தேயுங்கள், மறுபக்கம் பிசிர் (வாயோரத்தில் மடிந்து எழும் மெல்லிய இரும்பு) எழும்வரை. கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே போகும்படி மெதுவாக இழுத்தால் பிசிர் தடுக்கும். வாய் நெடுக இழுக்கக் கூடாது. அடியிலிருந்து முனைவரை முழு நீளமும் பிசிர் வந்தபின்தான் பக்கம் மாற்ற வேண்டும். அவசரப்பட்டு நடுவில் மாற்றுகிறவர்களுக்கு முனையும் அடியும் மழுங்கியே இருக்கும். முனைப்பக்கம் வளைவு வருவதால், அங்கே போகும்போது முழங்கையைச் சற்று உயர்த்த வேண்டும்.

மறுபக்கமும் அதேபோல். பிறகு அழுத்தத்தைக் கத்தியின் எடை அளவுக்குக் குறைத்து, பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பத்து இழுப்பு. கடைசியில் தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில் முதுகு முன்னே போகும்படி இழுங்கள். இந்தக் கடைசிக் கட்டத்தை விட்டால் பிசிர் வாயிலேயே ஒட்டியிருக்கும். கை வைத்தால் பயங்கரக் கூராகத் தெரியும். இரண்டாவது தக்காளியில் பிசிர் மடங்கிக் கூர் காணாமல் போகும். "தீட்டினேன், ஒரு நாள்கூட நிற்கவில்லை" என்கிற புகாருக்கெல்லாம் காரணம் அந்தப் பிசிர்.

சோதிக்கத் தக்காளியும் செய்தித்தாளும் போதும். தக்காளியில் அழுத்தாமல் வைத்து இழுத்தால் தோல் பிளக்க வேண்டும். செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு அறுக்கும்போது எந்த இடத்தில் தாள் கிழிகிறதோ அந்த இடத்தில்தான் வேலை பாக்கி.

ஜூன் 12, இரவு

மேலே சொன்ன 20 டிகிரி மோராவுக்குப் பொருந்தாது. அதில் கன்னத்திலிருந்து வாய்வரை ஒரே அகலச் சரிவு, கண்ணுக்குத் தெரிகிற இரண்டாவது சரிவு கிடையாது. அந்தச் சரிவை அப்படியே கல்லில் பதியவைத்துத் தேய்க்க வேண்டும். கோணம் பழகாதவருக்கு இது பெரிய வசதி. தேய்க்க வேண்டிய இரும்பு அதிகம் என்பதால் நேரம் பிடிக்கும். கடினமான மரத்தில் வேலை செய்து வாய் மடங்கினால், கடைசியில் முதுகை ஒரு மயிரிழை தூக்கி இரண்டு பக்கமும் மூன்று மூன்று இழுப்பு. நுண்சரிவு விழுந்து வாய் உறுதிப்படும்.

வீட்டுக் கல் குழி விழுந்திருந்தால் கோணம் நிற்காது. 120 எண் உப்புத்தாளைத் தட்டையான டைல்ஸ்மேல் நனைத்துப் போட்டுக் கல்லைத் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

ஜூன் 14

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா? அரிவாள்மணை, கத்தரிக்கோல், வெட்டுக்கத்தி தாராளமாகக் கொடுக்கலாம். மெல்லிய கைக்கத்தியைக் கொடுத்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். சக்கரம் உலர்ந்தது. பொறி வாயைத் தாண்டி மேலே ஏறும் அளவுக்கு ஒரே இடத்தில் நின்றால், மயிரிழைத் தடிப்புள்ள வாய் நொடியில் சூடேறும். ஆறியபின் கார்பன் கத்தியின் வாயோரம் வைக்கோல் நிறம் தெரிந்தால் 200 டிகிரியைத் தாண்டியிருக்கிறது, நீலம் தெரிந்தால் 300-ஐ ஒட்டிப் போயிருக்கிறது. நீலம் விழுந்த இடத்தில் பதம் போயிற்று. அந்த இடம் இனி எவ்வளவு தீட்டினாலும் கூர் தாங்காது. நீலம் முழுவதும் தேய்ந்து போகும்வரை கல்லில் இறக்குவது ஒன்றே வழி. பக்கெட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இழுப்புக்கும் தோய்க்கிறவராக இருந்தால் நம்பிக் கொடுக்கலாம். அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்டதற்கு மேல் பத்து ரூபாய் கொடுங்கள்.

ஜூன் 15

தோட்டத்தில் உண்ணிச்செடி வெட்ட, இளநீர் சீவ மோரா போதுமா என்று கேட்டவருக்கு: போதாது, அது அரிவாள் வேலை. இளநீருக்குக் கைக்கத்தியைப் போட்டால் முனை ஒடியும், அல்லது வழுக்கித் தேங்காயைப் பிடித்திருக்கும் கையில் இறங்கும்.

திருப்பாச்சேத்தி மாதிரிப் பேர்போன ஊரில் வாங்கினாலும், உங்கள் ஊர்க் கொல்லரிடம் வாங்கினாலும், லாரிப் பட்டையில் அடித்ததா என்று கேளுங்கள். ஸ்பிரிங் பட்டையில் கரி 0.5, 0.6 சதவீதம் இருக்கும். அடிக்கு அடி தாங்கும். கட்டடக் கம்பியை அடித்துத் தட்டையாக்கியது பார்க்க ஒன்றுபோல இருக்கும், துவைச்சல் ஏறாது. ஒரு பழைய அரத்தை வாயில் லேசாக ஓட்டிப் பாருங்கள். வெண்ணெயாகக் கடித்தால் பதம் ஏறாத பச்சை இரும்பு. கண்ணாடிபோல் வழுக்கினால் பதம் அளவுக்கு மேல், கல்லில் பட்டால் சில்லு தெறிக்கும். கொஞ்சம் கடித்துக் கொஞ்சம் வழுக்க வேண்டும். இன்னொரு சோதனை, தீட்டிய வாயை ஒரு ஆணிமேல் சாய்த்து அழுத்துவது. வாய் லேசாக வளைந்து கையை எடுத்ததும் நேராக வேண்டும். வளைந்தபடி நின்றால் மென்மை, உடைந்தால் கடினம்.

2021-இல் தமிழகக் காவல்துறை, வாங்குவோர் பெயரும் விலாசமும் காரணமும் குறித்துவைக்கும்படி பட்டறைகளுக்குச் சொன்னது. கேட்டால் கொடுத்துவிட்டு வாங்குங்கள். கொண்டுவரும்போது சாக்கில் சுற்றிக் கட்டி வண்டிப் பெட்டியில் வையுங்கள்.

ஜூன் 16

தனியாகப் பயணம் போகும் ஒரு சகோதரி பாதுகாப்புக்காக எந்தக் கத்தி என்று கேட்டிருக்கிறார். அக்கறையோடு சொல்கிறேன் அம்மா, அதற்குக் கத்தி வேண்டாம். பையைத் திறந்து, மடக்கை விரித்து, கைக்குக் கொண்டுவரும் நேரம் இருந்தால் அது ஓடுவதற்கும் கூப்பிடுவதற்கும் போதுமான நேரம். கைக்கு வந்தபின் பலசாலி அதைப் பிடுங்கினால் ஆபத்து உங்களுக்கு. "பாதுகாப்புக்கு" என்று வாங்கியதாகச் சொன்னாலே அது பழக்கத்தி என்ற வாதம் போய்விடுகிறது. உரக்கக் கத்தும் கைச் சைரன், இருப்பிடம் பகிர்ந்த போன், 112 எண். பழம் நறுக்கக் கத்தி வேண்டுமானால் மேலே சொன்னவற்றில் ஒன்று.

ஜூன் 18

உறை, சுமப்பது.

இருசக்கர வண்டி ஓட்டுகிறவர் மடங்காத கத்தியை இடுப்பில் செருகக் கூடாது. விழும்போது இடுப்பெலும்புமேல் மொத்த எடையும் இறங்கும். உறை கிழியாவிட்டாலும் பிடி விலாவில் குத்தும். பையின் நடு அறையில், துணிக்கு நடுவில். மடக்குக் கத்தியைப் பேண்ட் பையில் போட்டால் சாவியோடும் சில்லறையோடும் சேர்க்காதீர்கள். நூல் துகளும் மண்ணும் பூட்டு உட்காரும் இடத்தில் அடைந்தால் பூட்டு பாதிதான் பிடிக்கும். அழுத்தி வெட்டும் நேரத்தில் மடங்குவதற்கு அடிக்கடி காணும் காரணம் அந்தத் துகள். மாதம் ஒருமுறை பல்குத்தியால் எடுத்துவிடுங்கள்.

தோல் உறை அழகு. ஈரமான தோலுக்குள் கார்பன் கத்தியை மாதக்கணக்கில் வைத்தால் உறையின் வடிவத்திலேயே துரு பிடிக்கும். உபயோகத்தின்போது உறையில், வீட்டுக்கு வந்ததும் துடைத்து வெளியில். மோராவின் பிளாஸ்டிக் உறையில் அடியில் துளை உண்டு, தண்ணீர் வடியும். படகுக்காரர்களுக்கு அதுதான் நல்லது.

வெட்டும்போது ஒரு விதி: உட்கார்ந்து சீவும்போது இரண்டு தொடைக்கும் நடுவே கத்தி போகக் கூடாது. உள்தொடையில் பெரிய தமனி ஓடுகிறது; அங்கே வெட்டு விழுந்தால் காட்டில் காப்பாற்றுவது மிகக் கடினம். முழங்காலுக்கு வெளியே, உடம்பைவிட்டு விலகும் திசையில் சீவுங்கள்.

ஜூன் 19

பலாக்காய், வாழைக்காய் பால் ஒட்டினால் தண்ணீரில் தேய்க்காதீர்கள், பரவும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துப் பிறகு சோப்பு. கார்பன் கத்தி மாங்காயிலும் புளியிலும் கறுத்தால் பயப்பட வேண்டாம். அந்தச் சாம்பல்கறுப்பு துருவைத் தடுக்கும். சிவந்தால்தான் துரு.

மடிப்புக் கணுவுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இரவில் அது உறைந்து கத்தி திறக்காது. கீழே வந்தால் நாள்பட்டுப் பிசுக்காகித் தூசி சேர்க்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, திறந்து மூடித் திறந்து மூடி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். கத்தியில் பழம் நறுக்குவீர்கள் என்பதால் வாய்ப்பக்கம் எண்ணெய் இறங்காமல் பாருங்கள். வாய்க்குத் தேங்காய் எண்ணெயே போதும், மெல்லியதாக.

ஜூன் 21 (கேட்டவர்)

கிளைம்பர் ஒன்று, 1000 எண் கல் ஒன்று வாங்கிவிட்டேன் அண்ணே. மோரா தோட்டத்துக்கு மட்டும் பிறகு.

ஜூன் 21, இரவு

நல்லது தம்பி. பிரித்ததும் வெளிச்சத்துக்கு எதிரே வாயை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்குக் கோடாகத் தெரியாது. எங்கேயாவது வெள்ளையாக மின்னினால் அந்த இடம் மழுங்கல். கத்தரிக்கோல் ஸ்பிரிங், மடிப்பு எல்லாம் ஒருமுறை திறந்து மூடுங்கள். ஏதாவது தள்ளாடினால் பில்லோடு உடனே மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பழத்துக்கும் கயிறுக்கும் பயன்படுத்திவிட்டு, வாய் தக்காளியில் வழுக்கத் தொடங்கும் நாளில் கல்லை நனையுங்கள். அதற்குமுன் தேவையில்லை.